எல்லோரும் பார்க்கலாம்

யுத்த காலத்தில், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து பிள்ளைகள் படத்துக்குப் போவதென்றால் இரண்டு இடங்களில் அனுமதி கிடைக்க வேண்டும். முதலாவது தணிக்கைச் சபை. படம் தொடங்குமுன் அவர்களுடைய சான்றிதழ் திரையில் விழும். இரண்டாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சுவாமி. ஞாயிறு பூசை முடிகிற நேரம் கலியாண அறிவித்தல்களைச் சொன்ன பிறகு, அந்த வாரம் ஓடுகிற படங்களைப் பற்றியும் சொல்வார். எல்லோரும் பார்க்கலாம், பெரியவர்கள் மட்டும் பார்க்கலாம், ஒருவரும் பார்க்கக் கூடாது என்று மூன்று தரம் பிரித்து வைத்திருந்தார். மூன்றாவது தரத்துப் படத்தின் பேர் வரும்போது பின் வாங்குகளில் உட்கார்ந்திருப்பவர்களின் இருமல்கூட நின்றுவிடும் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டார்.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். படம் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். அம்மா கலியாணத்துக்கு முன் வத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். கண்ணால் பார்த்ததைப் பிள்ளை மறக்காது, ஆகையால் பார்க்க விடுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. யோசிக்கிற வேலையைச் சபையும் சுவாமியும் செய்து தருவதால் அவருக்கு நிம்மதியாக இருந்தது. இருவரும் சரி என்றால் போகலாம். ஒருவர் இல்லை என்றாலும் அந்தப் பேச்சு முடிந்தது. அப்பாவும் அதை மீறியதில்லை.

1942ஆம் வருஷம், இயேசு உயிர்த்த பாஸ்கு ஞாயிறு காலையில்தான் கொழும்பில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்தது. நாங்கள் பூசை கண்டு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா வேலையில் இருந்தார். துறைமுகப் பக்கம் பீரங்கிகள் வெடிக்கத் தொடங்கியதும் அம்மா என்னையும் தங்கச்சியையும் மேசைக்குக் கீழே தள்ளி, தானும் எங்களுக்கு மேலே கவிந்துகொண்டார். எனக்குப் பதின்மூன்று வயது. நான் அழுதேன். தங்கச்சிக்கு ஏழு வயது. அவள் அழவில்லை. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கடந்து அப்பா உயிரோடு வந்து சேர்ந்தபோதும் அவள் மேசைக் காலை விடவில்லை.

கொட்டாஞ்சேனையில் பாதிப் பேர் ஊர்களுக்கு ஓடினார்கள். நாங்கள் வத்தளையில் பெரியம்மா வீட்டில் சில மாதங்கள் இருந்துவிட்டு, பள்ளிக்கூடம் திறந்ததும் திரும்பி வந்தோம். தங்கச்சி நன்றாகச் சாப்பிட்டாள், விளையாடினாள், பாடம் எழுதினாள். படுக்கும்போது மட்டும் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்றாள். நித்திரையான பிறகு அம்மா மெதுவாகக் கழற்றி வைப்பார். அது கொஞ்ச நாளில் போய்விடும் என்று எல்லோரும் நினைத்தோம்.

ஊர் கொஞ்சம் அமைதியானதும் மதராசிலிருந்து ஒரு புதுப் படம் வந்தது. பாட்டும் பகிடியுமாக, ஒரு அரசகுமாரனைப் பற்றிய கதை. சபை எல்லோருக்கும் என்று விட்டிருந்தது. சுவாமியும் எல்லோரும் பார்க்கலாம் என்றார். பிள்ளைகள் இவ்வளவு நாள் அடைபட்டுக் கிடந்தார்கள், ஒருக்கால் வெளியே போய்ச் சிரித்து வரட்டும் என்று அப்பா கேட்டார். அம்மா முதல் முறையாக உடனே சம்மதித்தார். சனிக்கிழமை மட்டினி காட்சிக்கு வெளிக்கிட்டோம்.

தியேட்டர் நிறைந்திருந்தது. எங்கள் வரிசையின் ஓரத்தில் கிராண்ட்பாஸில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் மனிதர், தன் சின்ன மகனோடு உட்கார்ந்திருந்தார். பையனுக்கு நாலு வயது இருக்கும். அவனுக்குப் பக்கத்தில் தங்கச்சி, பிறகு அம்மா, நான், அப்பா. விளக்கு அணையுமுன்னே தங்கச்சியும் அந்தப் பையனும் ஒரே பையிலிருந்து கச்சான் கடலை எடுத்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

முதலில் யுத்தச் செய்திப் படம் போட்டார்கள். வழக்கமாக அதில் அணிவகுப்பும் கப்பலும் ராசாவும் வரும். பெரியவர்கள் அந்த நேரத்தில் வெளியே போய்ச் சுருட்டுப் பிடித்துவிட்டு வருவார்கள். கடைக்காரரும் எழும்பினார். பிள்ளையை ஒருக்கா பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையாட்டினார்.

அணிவகுப்பு முடிந்ததும் திரை இருண்டது. பிறகு சைரன் ஊதியது.

ஏறி ஏறி இறங்குகிற அந்தச் சத்தம் திரையிலிருந்துதான் வந்தது. ஆனால் அது எங்கள் சைரனேதான். எந்த நாட்டிலோ ஒரு நகரத்தில் இரவு, விமானங்கள், வீடுகள் அப்படியே முழங்கால் மடிந்து விழுகின்றன. ஒரு பெண் ஒரு குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு புகைக்குள்ளிருந்து வருகிறாள். குழந்தையின் கை தொங்குகிறது. இங்கிலீஷில் ஒருவர் கம்பீரமாக விளக்கிக்கொண்டிருந்தார். தியேட்டரில் பலர் சைரன் உண்மையென்றே எழும்பிவிட்டார்கள். கலரியில் யாரோ விழுந்தார்கள். ஒருவர் பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. இது படம், இருங்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் சத்தங்கள். அப்பா என் தோளைப் பிடித்து அமர்த்தினார். ஒரு நிமிஷம் இருக்கலாம். மெல்ல மெல்ல எல்லோரும் வெட்கத்தோடு உட்கார்ந்தார்கள். கதவை யாரோ சாத்தினார்கள்.

அம்மா பக்கத்தில் கையை நீட்டித் தடவினார். பிறகு குனிந்து இருக்கைக்குக் கீழே பார்த்தார்.

"பிள்ளையைக் காணேல்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு பேரையும் காணேல்லை."

அப்பா ஓடிப் போய் மனேஜரைப் பிடித்தார். விளக்கைப் போடச் சொன்னார். மனேஜர் மாட்டேன் என்றார். இப்போதுதான் சனம் அடங்கியிருக்கிறது, திடீரென்று விளக்கைப் போட்டால் உண்மையாகவே குண்டு என்று நினைத்து ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஓடுவார்கள், வேறு பிள்ளைகள் மிதிபட்டுப் போகும் என்றார். அது நியாயமான பேச்சு என்பது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவரைக் கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது. டோர்ச் லைட்டைக் கொடுத்து ஒரு ஆளை அனுப்பினார். நாங்கள் வரிசை வரிசையாகக் குனிந்து கால்களுக்கிடையில் தேடினோம். அதற்குள் செய்திப் படம் முடிந்து, சபையின் சான்றிதழ் திரையில் விழுந்தது. இந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டலாம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வெளிச்சத்தில் அம்மா நிமிர்ந்து நின்று அதை முழுவதும் வாசித்தது எனக்கு நினைவிருக்கிறது. பின்னாலிருந்தவர்கள் மறைக்கிறது, குனி என்று சத்தம் போட்டார்கள். பிறகு பாட்டுத் தொடங்கியது. சனம் சிரித்தது.

கடைக்காரர் திரும்பி வந்து தன் இருக்கையையும் மகனுடைய இருக்கையையும் பார்த்தார். அம்மா சொன்னதைக் கேட்டதும் அவருடைய முகம் சாம்பலாகிப்போனது.

"நான் ஒங்கள நம்பித்தானே உட்டுட்டுப் போன" என்றார்.

அம்மா திரும்பி, சற்றுமுன் யாரோ திறந்த பக்கக் கதவை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அப்பா ட்ராம் ஓடுகிற பெரிய தெருப் பக்கமும், கடைக்காரர் முகத்துவாரம் போகிற வீதிப் பக்கமும் போனார்கள்.

பக்கக் கதவுக்கு வெளியே ஒரு சிங்களப் பெண் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டார். அவள் அகப்பையால் தியேட்டரின் பின்பக்கத்தைக் காட்டினாள். ஒரு பெட்டைப் பிள்ளை ஒரு பொடியனை இழுத்துக்கொண்டு அந்த வளவுக்குள் போனதாகவும், அக்காவும் தம்பியும் சண்டை பிடிக்கிறார்கள் என்று தான் நினைத்ததாகவும் சொன்னாள்.

அந்த வெறும் வளவில் குண்டு விழுந்தால் சனம் ஒளிந்துகொள்ளப் பதுங்குகுழிகள் வெட்டியிருந்தார்கள். அந்த வாரம் நல்ல மழை. குழிகளில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அம்மா ஓடி அதற்கு முன் நான் கண்டதில்லை. தங்கச்சியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. முதல் குழியில் சேறு. இரண்டாவதில் நாய் ஒன்று. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார். குரல் கிழிந்து போனது.

கடைசிக் குழியில் இருந்தார்கள். மண்சுவரோடு ஒட்டி, இடுப்பளவு தண்ணீரில் தங்கச்சி முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். பையனைத் தண்ணீரில் தாழாமல் மடியில் தூக்கி வைத்து, அவன் காதுகளைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தியிருந்தாள். அவனுடைய வாயில் தன் கைலேஞ்சித் துணியைத் திணித்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் அவள் எழும்பவில்லை.

"சத்தம் போடாதேங்கோ அம்மா" என்றாள் மெல்லிய குரலில். "உள்ளுக்கு வாங்கோ. அக்காவையும் வரச் சொல்லுங்கோ."

அப்போதுதான் அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்பது விளங்கியது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் பழக்கியதை ஒன்றும் விடாமல் செய்திருந்தாள். சைரன் கேட்டால் பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும். குழிக்குள் இறங்க வேண்டும். காதைப் பொத்த வேண்டும். அதிர்ச்சியில் நாக்கைக் கடித்துவிடாமல் பல்லுக்கிடையில் எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்து நீங்கியது என்று ஒரே சீராகச் சைரன் ஊதும் வரை, யார் கூப்பிட்டாலும் வெளியே வரக் கூடாது.

அம்மா குழிக்குள் இறங்கினார். நல்ல சேலை, நல்ல சங்கிலி, எல்லாவற்றோடும் அந்தச் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இது படம், உண்மை இல்லை என்று சொல்லிப் பார்த்தார். தங்கச்சி இல்லை என்று தலையை ஆட்டினாள். தான் அந்தப் பிள்ளையைக் கண்டதாக, புகைக்குள்ளிருந்து கொண்டுவந்ததைக் கண்டதாகச் சொன்னாள்.

நான் ஓடிப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவருக்குப் பின்னால் கடைக்காரரும், அவருக்குப் பின்னால் தெருச் சனமும் வந்தார்கள். கடைக்காரர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். மகனுடைய வாயில் துணி இருப்பதைக் கண்டதும் அப்படியே குதித்துப் பையனைப் பறித்தெடுத்தார். துணியை இழுத்து எறிந்தார். அவர் அம்மாவைத் திட்டிய வார்த்தைகளை எழுதத் தேவையில்லை. அப்பா அவருடைய கையைப் பிடித்தார். அவர் உதறினார். இருவரும் குழி விளிம்பில் ஒருவரையொருவர் தள்ளுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். சனத்தில் சிலர் அந்தப் பக்கம், சிலர் இந்தப் பக்கம் சேரத் தொடங்கினார்கள். யார் எந்த இனம் என்ற பேச்சும் ஒரு மூலையில் எழும்பியது. இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

பையன்தான் அதை நிறுத்தினான். வாப்பாவின் தோளிலிருந்து குழிப் பக்கம் கையை நீட்டி, தன்னை ராத்தாவிடம் விடச் சொல்லி அழுதான். ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. குண்டு இன்னும் முடியவில்லை என்று அந்த ராத்தா தனக்குச் சொன்னதாகவும் சொன்னான். கடைக்காரர் மகனைப் பார்த்தார். பிறகு குழிக்குள் பார்த்தார். தண்ணீரில் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு தன் காதுகளைப் பொத்தியபடி இருந்த தங்கச்சியைக் கண்டார். அப்பாவைத் தள்ளிய கையை எடுத்துக்கொண்டார். என்ன நடந்தது என்று தாழ்ந்த குரலில் அப்பாவிடம் கேட்டார். அப்பா சொன்னார்.

தூக்கி எடுக்கப் போனால் தங்கச்சி மண்சுவரை நகத்தால் பிறாண்டினாள். வேறு வழி தெரியாமல் அப்பா குழி விளிம்பில் நின்று, இரண்டு கைகளையும் வாயில் குவித்து, ஏற்ற இறக்கமில்லாத ஒரே சுரத்தில் ஊதத் தொடங்கினார். கொட்டாஞ்சேனையில் மதிப்பான மனிதர், கழுத்துப் பட்டியோடு, வெட்டவெளியில் நின்று ஊளையிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. மூச்சு முடிகிற இடத்தில் கடைக்காரர் தொடர்ந்தார். இருவரும் மாறி மாறி ஊதினார்கள்.

தங்கச்சி காதிலிருந்து கையை எடுத்துக் கேட்டாள். "அது அப்பா" என்றாள். மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சத்தத்துக்கு வந்தவர்தான் எங்கள் பகுதியின் விமானத் தாக்குதல் காவலர். இரும்புத் தொப்பி போட்ட ஒரு பறங்கி மனிதர். யுத்த நேரத்தில் பொய்ச் சைரன் ஊதுவது குற்றம், யார் ஊதியது என்று உறுமிக்கொண்டு வந்தார். இருவரும் கையைத் தூக்கினார்கள். அம்மா குழிக்குள்ளிருந்து இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். அவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து தொப்பியைச் சரி செய்து, விசிலை நீளமாக ஊதி, ஆபத்து நீங்கியது என்று இங்கிலீஷில் ஒரு உத்தரவைப் போலச் சொன்னார்:

"ஓல் கிளியர், பேபி."

தங்கச்சி தொப்பியைப் பார்த்தாள். கையைத் தந்தாள். அவரே தூக்கி வெளியே எடுத்தார்.

அன்றிரவே அவளுக்குக் காய்ச்சல். அது இறங்க ஒரு வாரம் சென்றது. அந்த வாரம் அப்பாவும் அம்மாவும் சரியாகக் கதைக்கவில்லை. பயத்தோடு விட்டால் அது உள்ளேயே இருந்துவிடும், சுகமானதும் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அப்பா சொன்னார். இனிமேல் இந்த வீட்டில் படம் என்ற பேச்சே கூடாது என்று அம்மா சொன்னார். ஒரு நாள் மத்தியானம் கடைக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். அன்றைக்குத் தான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். மகன் வீட்டில் நன்றாக இருக்கிறான் என்றும், ராத்தாவை விசாரிக்கிறான் என்றும் சொன்னார். மனேஜரிடம் போய்ப் பேசப் போகிறேன் என்றார். அம்மா உடனே சேலை மாற்றிக்கொண்டு வந்தார். என்னையும் வரச் சொன்னார்.

மனேஜர் மரியாதையாகத்தான் நடந்தார். சபை விட்ட படத்தைத்தான் போட்டேன், அதில் ஒரு பிழையும் இல்லை என்றார். சான்றிதழ் அந்த மதராஸ் படத்துக்கு மட்டுமா, முன்னால் போட்ட செய்தித் துண்டுக்கும் சேர்த்தா என்று அம்மா கேட்டார். செய்தி வேறாக வருகிறது, யுத்தச் செய்தியைக் கட்டாயம் போட வேண்டும், அதைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று தன்னை ஒருவரும் கேட்டதில்லை, தானும் ஒருவரையும் கேட்டதில்லை என்றார். கிராண்ட்பாஸ் ஆட்கள் இனிப் பிள்ளைகளைக் கூட்டி வரமாட்டார்கள் என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் அவர் கதிரையில் சரியாக உட்கார்ந்தார். சனிக்கிழமை மட்டினியில் செய்தியைக் கடைசியில் போடுவதாகவும், போடுமுன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வாசல்காரரைச் சொல்ல வைப்பதாகவும் ஒத்துக்கொண்டார். சில மாதங்கள் அப்படி நடந்தது. பிறகு மறந்துவிட்டார்கள்.

சுவாமியிடமும் அம்மா போனார். சுவாமி படத்தைத் தானும் பார்த்ததாகவும் அதில் ஆபாசமான ஒரு காட்சிகூட இல்லை என்றும் சொன்னார். அம்மா அதை ஒத்துக்கொண்டார்.

"பாவம் இருக்கோ எண்டு பாத்தீங்கள், சுவாமி. ஏழு வயசுப் பிள்ளை பயப்படுமோ எண்டு பாக்கேல்லை. அது உங்கட வேலையும் இல்லை. என்ர வேலை. நான் அதை உங்களிட்டைத் தந்துபோட்டுச் சும்மா இருந்திட்டன்."

சுவாமி அடுத்த ஞாயிறு வழக்கம்போல மூன்று தரத்தையும் சொல்லிவிட்டு, பெற்றோர் தாங்களும் விசாரித்துக்கொள்வது நல்லது என்று ஒரு வசனம் சேர்த்தார்.

அம்மா விசாரிக்கவில்லை. தானே போய்ப் பார்த்தார். புதுப் படம் வந்தால் வெள்ளிக்கிழமை அப்பாவோடு போய், செய்தி, விளம்பரம், படம் எல்லாவற்றையும் முதலிலிருந்து முடிவு வரை பார்ப்பார். அப்பாவுக்கு அது கொண்டாட்டம். கொஞ்ச நாளில் எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் வந்து கேட்கத் தொடங்கினார்கள். கடைக்காரரின் மனைவி ஆள் அனுப்பிக் கேட்பார். அம்மா பொதுவாக ஒரு பதிலும் சொல்ல மாட்டார். எந்தப் பிள்ளை என்று கேட்பார். மூத்தவன் போகலாம், சின்னவள் வேண்டாம், அதில் தாய் சாகிறாள், உங்கள் சின்னவள் இப்போதுதான் ஆஸ்பத்திரியில் உங்களை விட்டுப் பிரிந்திருந்தவள் என்பார். பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்கும் ஒரு படம் வேண்டாம் என்றதால், அவளுடைய தாய் கோபித்துக்கொண்டு பேச்சை விட்டதும் உண்டு.

தங்கச்சியை ஒருவரும் கூப்பிடவில்லை. யுத்தம் முடிந்து, விளக்குகளுக்குப் போட்டிருந்த கறுப்புத் துணிகளைக் கழற்றிய பிறகு, ஒரு நாள் அவளே கேட்டாள், தானும் வரலாமா என்று. அம்மா அந்தப் படத்தை முதலே இரண்டு தரம் பார்த்திருந்தார். ஓர இருக்கையில் அவளை வைத்து, பக்கத்தில் அம்மா உட்கார்ந்தார். படம் தொடங்கியதிலிருந்து அம்மா அவளுடைய காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்ப இடி இடிக்கும். இப்ப கதவு படாரெண்டு சாத்தும். இந்தக் கிழவர் விழுவார், ஆனால் சாக மாட்டார். முன்னால் இருந்தவர் இரண்டு தரம் திரும்பி முறைத்தார். அம்மா பொருட்படுத்தவில்லை.

புயல் காட்சி வந்தது. கடல் எழும்பியது. அம்மா மறுபடி குனிந்தார்.

"சொல்லாதேங்கோ அம்மா" என்றாள் தங்கச்சி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "நான் பாக்கிறன்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் முடியும் வரை அவர் திரையைப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.